வீட்டு போனில் வந்த 'நீங்க'

பெரியவனே,

சாப்பாடு மேசையில் மூடியிருக்கிறது. நீ அலமாரியில் பூட்டி வைத்த என் செல்போன் இப்போது என் கையில். சாவியை உன் பழைய ஷூவுக்குள்ளேயே திருப்பிப் போட்டுவிட்டேன்.

"எவனாவது பேசினா ஏமாந்துடுவே"ன்னு நேற்று குதித்தாயே, இன்று காலை வீட்டு போனில் அச்சு அசல் உன் குரலில் ஒருவன் அழுதான். "அம்மா, ஆக்சிடென்ட் ஆயிடுச்சு, நீங்க உடனே பணம் அனுப்புங்க!" யாருக்குக் காது குத்துகிறான்? "என் பிள்ளை என்னை ஒருநாளும் நீங்கன்னு சொன்னதில்ல. வைடா போனை!" என்றேன்.

பூங்காவுக்குப் போகிறேன். நடக்க வருகிற என் வயசுக்காரர்களுக்கெல்லாம் இதைச் சொல்ல வேண்டும். செல்போன் இனி என்னிடம்தான் இருக்கும்.

அம்மா

ஒன்று விட்டுப்போயிற்று. 'நீங்க'வுக்கு முன்பே அது நீ இல்லை என்று தெரிந்துவிட்டது. எடுத்த எடுப்பிலேயே, "சாப்பிட்டாச்சாம்மா?" என்று கேட்டான்.