நிறுத்திய மாத்திரை

இல்லை அம்மா, ரத்தத்தில் கொழுப்பு ஏறியது என்பதற்காக மார்புப் புற்றுநோய் மாத்திரையை நீயாக நிறுத்தக் கூடாது. அந்த மாத்திரையால் சிலருக்குக் கொழுப்பு கூடுமாம். அதற்குத் தனி மருந்து உண்டு. புற்றுநோய் திரும்பினால்? போனில் சொன்னால் பேச்சை மாற்றுவாய். அதனால் எழுதுகிறேன்.

தூங்குகிறாயா? ஆபரேஷன் செய்த பக்கத்துக் கை வீக்கம் வடிந்ததா?

இங்கே ஆவடியில் என்னோடு தங்கியிருக்கும் சபீனா நர்ஸ். விஷயம் கேட்டுச் சிரித்தாள். “இன்னாடி உங்கம்மா, முறுக்க உடச் சொன்னா மாத்திரைய உட்டுட்டு குந்திகினு கீறாங்க!” நானும் சிரித்தேன். பிறகு சோறு இறங்கவில்லை.

இன்றே டாக்டரைப் பார். டப்பாவில் மிச்சமிருக்கும் முறுக்கை எனக்கு அனுப்பு. அவசரமாக முடிக்கிறேன், ஷிஃப்டுக்கு நேரமாகிறது.

தேன்மொழி

தபால்பெட்டிவரை போய்த் திரும்பிவிட்டேன். முறுக்கு அனுப்ப வேண்டாம். லீவு சொல்லி, ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன்.