மூன்று மாதம் பெயர் கொடுக்காதவனுக்கு

நாளை நற்கருணை. இன்று சனிக்கிழமை, வழக்கம்போல் அதற்கு வருகிறவர்களின் பெயர் எழுதும் நோட்டை எடுத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸைச் சுற்றி வந்தேன். நீ இருந்த வீட்டில் இப்போது வேறு குடும்பம். கதவு திறந்ததும் மண்ணெண்ணெயும் கிரீசும் கலந்த வாடை, வேலை முடிந்து நீ கை கழுவும்போது வருமே, அதே வாடை. வீட்டுக்காரர் "அஞ்சு பேரு, எழுதிக்குங்க" என்றார். அவ்வளவுதான். உன்னைப்போல் என்னை வாசலில் நிறுத்தி உயிரை வாங்கவில்லை.

நீ மூன்று மாதம் என் உயிரை வாங்கினாய். பட்டறையில் எஞ்சின் வால்வைச் சரியாக முடுக்காமல் விட்டவன் நான். கிள்ளான் போகும் ரயில் பாதி வழியில் நின்றுபோய், பழி உன் தலையில் விழுந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. ஃபிட்டராக இருந்த உன்னைப் பட்டறையின் வெள்ளைக்காரத் துரை, எஞ்சின் சாம்பல் அள்ளும் சாம்பல் குழிக்கு அனுப்பினார். நடந்தது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த மாதமும் நோட்டோடு உன் வாசலில் வந்து நின்றேனே, எனக்கு எவ்வளவு துணிச்சல் இருந்திருக்க வேண்டும்.

"இந்த மாசம் வேணாண்ணே" என்றாய்.

"ஏன், காய்ச்சலா?"

"உங்கள மன்னிச்சிட்டேன்னு வாய் சொல்லுது, உள்ள இன்னும் வரல. கிறிஸ்துவோட ஒண்ணாயிட்டேன்னா அது வரணும்லா. வரட்டும்."

எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. ஞானஸ்நானம் வாங்கியாயிற்று, கள்ளை விட்டாயிற்று, இதற்குமேல் இரட்சிப்புக்கு என்ன வேண்டும் என்று கத்தினேன். நீ சிரித்தாய். "அதெல்லாம் நாம விட்டதுண்ணே. அவரு உள்ள வந்து மாத்துறது வேற." நியாயமாக நீ என் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். நாலு அறை விட்டிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும். அதைச் செய்யத் தெரிந்ததா உனக்கு?

நாலாம் மாதம் நீயே என் வீடு தேடி வந்தாய். "எழுதுங்கண்ணே. நேத்து சாம்பல் அள்ளுறப்ப உங்கள நெனச்சேன். கோவத்தத் தேடிப் பாத்தேன், காணோம்."

மறுநாள் என் பக்கத்திலேயே மண்டியிட்டாய். ஒரே பாத்திரத்தில் இருவரும் குடித்தோம். உன் முகத்தில் அத்தனை நிம்மதி. அடுத்த மாதம் உன்னிடம் மன்னிப்பு கேட்டுக்கொள்ளலாம் என்று நான் இருந்துவிட்டேன். அதற்குள் மலேரியா உன்னைக் கொண்டுபோய்விட்டது. அதற்கும் உன்மேல்தான் கோபப்பட்டேன். அப்படி என்னடா அவசரம் உனக்கு?

உன்னை அடக்கம் செய்த மறுநாள் துரையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னையும் சாம்பல் குழியில் போட்டார். அதில் எனக்கு வருத்தமில்லை. வார்த்தை தானாக வந்தது. அத்தனை மாதம் என்னால் முடியாததை உள்ளிருந்து வேறு யாரோ செய்ததுபோல் இருந்தது. நீ சொன்ன மாற்றம் இதுதான் என்றால், அது எனக்கும் தொடங்கிவிட்டது. ஆனால் துரையிடம் வந்த வார்த்தை, தோளோடு தோள் ஒட்டி மண்டியிட்ட உன்னிடம் வரவில்லை. உன் மன்னிப்பு இன்றும் என்னிடம் இருக்கிறது. உயிரோடிருந்த உன்னிடம் அதை நான் ஒருநாளும் கேட்கவில்லை.