மூன்று மாட்டில் வந்த உழவு மெசின்

என் அன்புக்கும் பகிடிக்கும் உரிய அத்தானுக்கு,

அங்கே சுகமா? மேலேயும் வயல் இருந்தால் நீங்கள் முதலில் நிழலைத்தான் தேடியிருப்பீர்கள். நான் அதிகம் படிக்காதவன் என்று தெரியும்தானே, எழுத்துப் பிழையைப் பார்த்துச் சிரிக்காமல் செய்தியைக் கேளுங்கள். பாப்பாமோட்டையில் உங்கள் வீட்டுக்கு உழவு மெசின் வந்துவிட்டது. இரண்டு சில்லில் உருளும், கைபிடித்து ஓட்டும் மெசின். பழசுதான், ஆனாலும் உங்களை விட நன்றாக வேலை செய்கிறது.

மெசின் வாங்கவென்று நீங்கள் மூன்று பசுக்கன்று சேர்த்தபோது ஊரே சிரித்தது. "காசெண்டா ஓடுற நேரம் எங்கையாவது விழுந்து போகும் மச்சான். மாடெண்டாப் பின்னால தானா நடந்து வரும்" என்றீர்கள். மூன்றுக்கும் டயர், கலப்பை, இஞ்சின் என்று பெயரும் வைத்தீர்கள். அப்படிக் கூப்பிட்டுப் பழகினால் வேறு செலவுக்கு விற்க மனம் வராதாம்.

சொன்னது சரிதான். ஷெல் விழுந்து நாங்கள் மடுக் கோயில் பக்கம் ஓடியபோது மூன்றும் பின்னால் நடந்து வந்தன. ஊர் திரும்பியபோதும் வந்தன. நீங்கள்தான் இடையில் காய்ச்சலோடு நின்றுவிட்டீர்கள். இது என்ன நியாயம் அத்தான்?

போன காலபோக விதைப்பில் வாடகை மெசின்காரர் அக்காவின் வயலுக்குக் கடைசியாகத்தான் வந்தார். உழுது முடிப்பதற்குள் கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் எங்கள் முறையைத் தாண்டிப் போய், பாதி வயல் காய்ந்தது. இந்த முறையும் பிந்தினால் விதைநெல்லும் மிஞ்சாது.

"அக்கா, மாடுகளை வித்துப் போடுவம்" என்றேன்.

"மற்ற ரெண்டையும் வித்துப் போடு. இஞ்சினை விக்கேலாது. அவர் கடைசியாத் தடவின மாடு."

"அப்ப இஞ்சின் இல்லாத மெசினா வாங்குவம். நீ முன்னால இழு, நான் பின்னால தள்ளுறன்."

அகப்பை பறந்து வந்தது. தப்பிவிட்டேன்.

அடுத்த நாள் அக்கா மெசின்காரர் வீட்டுக்குப் போனாள். காலையில் போனவள் வெயில் உச்சிக்கு வரும்வரை அவர் வாசலிலேயே நின்றிருக்கிறாள். "பாப்பம் அக்கா, ஆம்பிளையள் ஆரையும் அனுப்புங்கோ" என்றாராம். வீட்டுக்கு வந்து தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. நேரே போய் இஞ்சினை அவிழ்த்துக் கயிற்றை என் கையில் தந்தாள்.

"கொண்டு போ. விலை பேசேக்க இளிக்காத. உன்ர மூஞ்சையப் பாத்தே குறைச்சுப் போடுவாங்கள்."

முருங்கனில் மூன்றையும் கொடுத்தேன். மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுக்காத நம் வழக்கப்படி கயிறுகளை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டேன். அந்தக் காசில் வாங்கிய மெசினை அங்கிருந்து ஓட்டியே வந்தேன். நீங்கள் என்றால் வழியில் எத்தனை வேலி போயிருக்குமோ? சைக்கிளையே வேலிக்குள் விடுகிறவர்தானே.

பின்னேரம் பார்த்தால், அக்கா அந்தக் கயிறுகளால் மெசினைத் தொழுவக் கட்டையில் கட்டி வைத்திருந்தாள்!

"அக்கா, வைக்கோலும் போடவோ?"

"களவு போகாமக் கட்டினனான். உன்ர வேலையைப் பார்" என்றாள். கண் மட்டும் கலங்கியிருந்தது. நான் அதைப் பார்க்காதது போல் மெசினுக்கு ஒரு வாளி தண்ணீர் வைத்தேன். அப்போதுதான் சிரித்தாள். நீங்கள் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

குளத்துத் துருசைத் திறந்து தண்ணீர் விடுவதற்கு முன்பே வயல் முழுவதும் உழுதாயிற்று. தண்ணீர் வந்தபோது அக்கா வரப்பில் உட்காரக் கதிரை போடாத குறைதான், மகாராணி மாதிரி நின்றாள்.

இன்று காலை பக்கத்து வளவு ராக்கம்மா வந்து வெளியிலேயே தயங்கி நின்றாள். அவளுக்கும் துணையில்லை.

"ஏன் ரோட்டில நிக்கிறாய்? உள்ள வந்து தேத்தண்ணியைக் குடி. தம்பி உன்ர வயலுக்குத்தான் வெளிக்கிடுறான்" என்றாள் அக்கா. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் ஓம் என்று மெசினை எடுத்தேன்.

உங்களுக்கு வாக்குத் தருகிறேன் அத்தான். அக்காவை இனி எவர் வாசலிலும் நிற்க விடமாட்டேன். நம் வாசலில் வந்து நிற்கிறவரையும் காக்க வைக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மாடுகளின் தயவில் மெசின்காரனான மச்சான்,
சின்னராசு