தண்ணீர் ஊர்சுற்றப் போயிருக்கு

3 நவம்பர் 1963, ஞாயிறு
மாவுக்கட்டு பிரித்து இன்றோடு இருபது நாள். மழையில் வழுக்கி விழுந்து முறிந்த கால் எலும்பு கூடிவிட்டது, பயம்தான் போகவில்லை. தினமும் நடக்காவிட்டால் முட்டி மடங்காமலே போய்விடும் என்கிறார் டாக்டர். குர்லா பட்டறையில் நின்றபடி தோல் வெட்டுகிறவனுக்கு அப்புறம் என்ன பிழைப்பு?

நஜ்முன்னிசா காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள். "வாசல் வரைக்கும் நடந்தா போதுமா? பெருநாளைக்குப் பள்ளிக்கு உங்கள நான் தூக்கிக்கிட்டா போவ?" முறைத்தேன். கட்டிய மனைவி அதற்கெல்லாம் அசைவாளா?

8 நவம்பர்
நடக்கவில்லை.

10 நவம்பர்
எங்கள் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் நாடகத்துக்கு நான் எழுதிய பாட்டைப் பாடிக் காட்ட எதிர்வீட்டு இசக்கிமுத்துவின் மகள் பேராச்சி வந்தாள். "கடல் பிளந்து கதிர் எழும், கலங்காதே மனமே" என்ற இடத்தில் நிறுத்திவிட்டாள்.

"மாமா, மாஹிம் கடல்ல சூரியன் முங்குததத்தான் பாத்திருக்கேன். ஏறுதத எவன் பாத்தான்?"

நியாயம்தான். நான் காயல்பட்டினத்துக்காரன், எங்கள் கடலில் சூரியன் காலையில் வரும். அவள் தாராவியில் பிறந்தவள். பதினாறு வருடமாகப் பம்பாயில் இருக்கிறேன், இந்த ஊர்க் கடலை ஒருநாள் நின்று பார்த்தேனா? வெட்கமாக இருந்தது. மாற்றித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மாற்ற வேண்டுமென்றால் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டுமென்றால் நடக்க வேண்டும். நல்ல வம்பு.

14 நவம்பர்
போனோம். நஜ்முன்னிசாவின் தோளைப் பிடித்தபடி, வழியில் ஒன்பது இடத்தில் உட்கார்ந்து. "கல்யாணத்தன்னிக்குக்கூட நீங்க இப்படிப் பிடிக்கல" என்றாள்.

போய்ப் பார்த்தால் கடலையே காணோம்! வெறும் சேறு. தோணிகள் ஒருக்களித்துக் கிடக்கின்றன. எங்கள் ஊர்க் கடல் இவ்வளவு தூரம் விட்டுப் போகாது. இதற்கா இத்தனை பாடு — அழுகை வந்துவிட்டது. மீன்கூடையோடு இருந்த கோளிப் பெண் ஒருத்தி, "பானி ஆயேகா, பைட்டோ" என்றாள். தண்ணீர் வரும், உட்காரு என்கிறாள், பஸ் வரும் என்பது மாதிரி. உட்கார்ந்தோம். சூரியன் முங்கும் நேரத்தில் தண்ணீர் சத்தமில்லாமல் வந்து சேர்ந்தது. சாய்ந்து கிடந்த தோணி ஒன்று தானாக நிமிர்ந்தது. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

15 நவம்பர்
எழுதிவிட்டேன்:

சேற்றில் சாய்ந்த தோணியே,
செத்துப்போனதாய் யார் சொன்னது?
தண்ணீர் ஊர்சுற்றப் போயிருக்கு,
தானே திரும்பும், பொறுத்திரு.

பேராச்சி இரண்டு தடவை பாடினாள். சந்தோஷமாக இருக்கிறது. பாடிக்கொண்டே மாஹிம் வரை போய்வந்தேன். ஏழு இடத்தில்தான் உட்கார்ந்தேன்.

2 டிசம்பர்
நான்கு.

13 ஜனவரி 1964
நேற்று நாடகம். பாட்டுக்கு ஒன்ஸ்மோர் கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

24 பிப்ரவரி, திங்கள்
பட்டறைக்குத் தாமதம், முதலாளியிடம் ஏச்சு. சயான் ஸ்டேஷனில் எட்டேகால் வண்டி கண்முன்னே போய்விட்டது. சாப்பிடும்போது நஜ்முன்னிசாவிடம் சொன்னேன்.

"ஓடிப்போயி ஏறியிருக்கலாமே" என்றாள், ஏதோ நினைவில்.

"ஓடுனேன். அப்பவும் கிடைக்கல" என்றேன்.

அவள் கையில் அகப்பை அப்படியே நின்றது. "என்ன சொன்னிய?" என்றாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது.