பித்தளை ரீலும் பனித்துளையும்

வியாழனின் நிலவான யூரோப்பா, பனி நிலையம். எழுதுவது சுபைதா, நிலையப் பொறியாளர். இதைக் கண்டெடுப்பவர் படிக்கலாம்.

நாள் 141. 09:10
எல்லாம் ஒழுங்கு. நிலையத்தின் நடுவே பனியில் வெட்டிய துளை திறந்திருக்கிறது. அது உறையாமல் சூடேற்றும் வளையம் பார்த்துக்கொள்கிறது. இங்கே இருப்பது நாங்கள் இருவர். பென்சிகர் சிறு நீர்மூழ்கியில் துளை வழியே கீழேயுள்ள கடலுக்குப் போயிருக்கிறான். மாலையில் திரும்புவான்.

சாமான் அறையில் தூண்டில் நூலைச் சுற்றும் பழைய மீன்பிடி ரீல் ஒன்று கிடைத்தது. முந்தைய குழுவில் யாரோ ஆசைக்காகப் பூமியிலிருந்து கொண்டுவந்து மறந்தது. பித்தளைத் தகடுகள், கறுப்புக் கைப்பிடி. உப்புநீர் கசியும் மூலையில் கிடந்து பச்சை பூத்திருக்கிறது. கைப்பிடி அசையவில்லை. பொழுதுபோக்குக்கு எடுத்துவைத்தேன்.

நாள் 141. 18:40
பனித்தட்டு பெயர்ந்து நகர்ந்தது. நீர்மூழ்கியை நிலையத்தோடு பிணைத்திருந்த வடம் அறுந்துவிட்டது. பென்சி கீழே ஒரு பாறைத் திட்டில் சிக்கியிருக்கிறான். நீர்வழிப் பேசி வேலை செய்கிறது.

"அக்கா, எனக்கு அடி ஒண்ணும் படல. வண்டிதான் அசையமாட்டேங்குது. காத்து ஆறு நாளைக்கு வரும். பயப்படாதீய."

அதை நான் அல்லவா அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

நாள் 142. 11:00
மாற்று வடத்தை இறக்கினேன். கனமான வடம், செங்குத்தாகத்தான் போகிறது. பென்சியோ நீரோட்டத்தின் போக்கில் விலகிக் கிடக்கிறான். நீர்மூழ்கியின் இயந்திரக் கைக்கு எட்டவில்லை.

"எடை இல்லாத நூலா விடுங்க அக்கா. ஓட்டமே எங்கிட்ட கொண்டாந்து சேத்துரும். குளச்சல்ல நாங்க அப்படித்தான் விடுவோம். ஆனா தடங்கலில்லாம ஓடணும். நின்னு நின்னு ஓடுனா சிக்கிரும்."

நூல் இருக்கிறது. கருவிகளைக் கட்டித் தொங்கவிடும் மெல்லிய இழை, எளிதில் அறாதது. தடங்கலில்லாமல் ஓடக்கூடியது இந்த நிலையத்தில் ஒன்றுதான், அதுவும் இப்போது ஓடவில்லை.

நாள் 142. 16:30
திருகாணிகள் நான்கும் இறுகிவிட்டன. குடிக்கத் தரும் எலுமிச்சைப் பொடியை வெந்நீரில் கரைத்து ரீலை ஊறவைத்தேன். தண்ணீர் பச்சையாகி, பிறகு கறுத்தது. மூன்று திருகாணிகள் கழன்றன. நான்காவதன் தலை தேய்ந்துவிட்டது, துளையிட்டு எடுத்தேன்.

"என்ன செய்றீய? சொல்லிக்கிட்டே இருங்க அக்கா. சத்தம் கேட்டா போதும்."

ஒவ்வொரு பாகத்தையும் கழற்றக் கழற்ற அவனுக்குச் சொன்னேன்.

நாள் 143. 14:15
உள்ளே பல்சக்கரங்கள் நன்றாக இருக்கின்றன. பழைய கிரீஸ் அவற்றை மெழுகாய் மூடிப் பாதுகாத்திருக்கிறது. அச்சில் மட்டும் துரு. பற்பசையும் துணியும் வைத்துத் தேய்த்தேன். நூல் வேகமாக ஓடாமல் பிடிக்கும் தோல் வட்டுகள் மட்கிப்போயிருந்தன. என் கையுறையின் உள்ளங்கையை வெட்டிப் புதிதாகச் செய்தேன். துளைக்கருவியின் கிரீஸைத் தடவிப் பூட்டினேன்.

பேசிக்கு அருகே பிடித்துச் சுற்றினேன். டிக்டிக்கென்று ஓடியது.

"அய்யோ, நல்ல ரீலுல்லா அக்கா! எவன் இத சும்மா போட்டு வச்சிருந்தான்?"

இருவரும் சிரித்தோம்.

நாள் 144. 10:50
நூலை நீரோட்டத்தில் விட்டேன். ரீல் ஒரு முறைகூட நிற்கவில்லை.

"வந்துட்டு! பிடிச்சிட்டேன் அக்கா!"

நாள் 144. 13:20
ஒரு வளையம் போட்டு, அந்த நூலின் மேலேயே மாற்று வடத்தை வழுக்கி இறக்கினேன். பென்சி கொக்கியை மாட்டினான். இழுத்தேன். நீர்மூழ்கி அசைந்தது. இருவரும் கத்தினோம். பிறகு பாறையில் மாட்டிக்கொண்டது. வடத்தை இழுக்கும் மோட்டார் புகைந்து எரிந்தது. வடம் அறுந்து கடலடிக்குப் போய்விட்டது.

எஞ்சியது அந்த மெல்லிய நூல் மட்டும். நீர்மூழ்கியை அது தூக்காது.

நாள் 145. 08:00
பேசியின் மின்கலம் தீர்கிறது.

"பேச்ச நிறுத்திக்கிடுவோம் அக்கா. நூல வண்டிக் கையில கெட்டியிருக்கேன். ரெண்டு தடவ சுண்டுனா உசுரோட இருக்கேன்னு அர்த்தம். நீங்களும் ரெண்டு தடவ சுண்டுங்க. எனக்குத் தனியா இருக்க மாதிரி இருக்காது."

நாள் 146. 12:00
ரீலை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு சுண்டல். பதிலுக்கு இரண்டு. அங்கேயே சாப்பிட்டேன்.

நாள் 147. 17:30
ஒரு சுண்டல். இரண்டாவதற்காக வெகுநேரம் காத்திருந்தேன். வரவில்லை. நான் இரண்டு தடவை சுண்டினேன். மறுபடி சுண்டினேன்.

நாள் 148. 09:00
பூமியிலிருந்து செய்தி:

"ஆழ்ந்த வருத்தம். நூலை அறுத்துத் துளையை மூடவும். மீட்புக் கலம் வந்துசேர ஐந்து மாதம் ஆகும்."

கத்தியை எடுத்தேன். திரும்ப வைத்துவிட்டேன்.

நாள் 151. 10:20
ரீல் டிக்கென்றது. இரண்டு தடவை.

நீரோட்டம் என்று நினைத்தேன். நீரோட்டம் மெதுவாக இழுக்கும். இப்படி வெடுக்கென்று சுண்டாது. மூன்று தடவை சுண்டிப் பார்த்தேன். மூன்று வந்தது. ஐந்து சுண்டினேன். ஐந்து வந்தது.

பென்சியின் காற்று தீர்ந்து நான்கு நாள் ஆகிறது.

பூமிக்குச் செய்தி எழுதினேன். அனுப்பவில்லை. அனுப்பினால் துளையை அவர்களே அங்கிருந்து மூடிவிடுவார்கள்.

நாள் 157. பகல்
காலையில் அது சுண்டும். நான் பதில் சொல்வேன். நேற்று முழுக்க ஒன்றும் இல்லை. அழுதேன். யாருக்காக அழுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அது பென்சி இல்லை. தெரியும். கையில் தெரிகிறது, அவன் சுண்டுவது இப்படி இருக்காது.

ஆனாலும் வேறு யார் இருக்கிறார்கள்.

நாள் 160
நூல் தளர்ந்துவிட்டது. அறுந்ததோ என்று சுற்றினேன். இல்லை, முனையில் ஏதோ இருக்கிறது. எடையே காட்டாமல் வருகிறது. நான் சுற்றுவதைவிட வேகமாக வருகிறது. நூல் துளையின் வாயில் வளையம் வளையமாக மிதக்கிறது

தண்ணீர் ஏறுகிறது

துளையை மூடும் மூடியின் விசை கைக்கெட்டும் தூரத்தில்தான். அழுத்தவில்லை. விளக்கைத் துளையின் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். வரட்டும்