உன் இலையில் வைத்த போத்தல்

என் தங்கத் தம்பி சுதனுக்கு, அக்கா எழுதுவது.

சுகமா என்று கேட்கமாட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்க நீ எனக்கு இடம் வைக்கவில்லை. நீ போய் ஒரு வருசமாகப் போகிறது, உன் ஆட்டைத் திவசம் வருகிறது. அதற்கு முன் உன்னோடு ஒருமுறை வடிவாகச் சண்டை பிடிக்க வேண்டும். உயிரோடு இருந்தபோது நான் வாயைத் திறந்தால் கடலுக்குப் போய்விடுவாய். இப்போது எங்கே போவாய்?

முதலில் போத்தல் கதையைச் சொல்கிறேன். உன் எட்டாம் நாள், ஊர் வழக்கப்படி உனக்கு விருப்பமானதையெல்லாம் சமைத்து இலை போட்டுப் படைத்தோம். சுறாப் புட்டு, கணவாய்க் கறி, முருங்கையிலை வறை, அம்மா கடை கடையாகத் தேடி வாங்கிய ஒரேஞ்ச் சோடா. விளக்கை ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் இலையின் நடுவில் ஒரு சாராயப் போத்தல் நிற்கிறது. பெரிய மாமா வைத்தது.

"மாமா, தம்பி உதைத் தொட்டும் பாக்கேல்லை. எடுங்கோ" என்றேன்.

"ஆம்பிளையின்ரை படையல் பிள்ளை. போத்தில் இல்லாமல் எப்பிடி? ஊர் என்ன கதைக்கும்?"

நம் அப்பாவைக் கொண்டுபோனதே அந்தச் சாராயம்தான். சாராயத் தவறணை வாசலிலிருந்து அவரைத் தோளில் தாங்கிக் கூட்டிவந்தவன் நீ. கலியாண வீட்டுப் பின்வளவில் கூட்டாளிகள் போத்தலைச் சுற்றி இருக்க, நீ சோடாவைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரிடமும் பகிடி வாங்குவாய். அந்தச் சோடாவை நம்பித்தானே நானும் அம்மாவும் இருந்தோம்? நீ கண் சிவந்து வந்தால் கடல் வெயில் என்றோம். அம்மா உன் வாயை மணந்து பார்ப்பா. சாராயம் மணக்காது. பிள்ளை தப்பிவிட்டான் என்று நிம்மதியாகச் சோறு போடுவா. குடி ஒன்றுதான் கேடு என்று நினைத்த வீடு இது என்பதை நன்றாகத் தெரிந்துகொண்டுதானே எங்களை ஏமாற்றினாய்?

அந்தப் போத்தலைத் தூக்கிக்கொண்டுபோய் வேலியோர மணலில் கவிழ்த்து ஊற்றினேன். மாமா பாய்ந்து வந்தார். அன்றிலிருந்து எனக்கும் அவருக்கும் பேச்சு இல்லை.

அதற்குப் பிறகு ஒருமுறை மாமாவின் மகன் கனடாவிலிருந்து வந்திருந்தான். அம்மாவைப் பார்க்க மாமாதான் கூட்டிவந்தார். என்னோடு பேசாமல், ஆனால் எனக்கு நன்றாகக் கேட்கும்படி, உன் படத்துக்குக் கீழே இருந்துகொண்டு தகப்பனும் மகனும் நாட்டைத் திருத்தத் தொடங்கினார்கள்.

"அப்பா, உங்களுக்கு விளங்காது. எங்கடை பக்கம் கஞ்சாவைக் கடையிலை வைச்சு விக்கினம். பொலிஸ் பாத்துக்கொண்டு போகும். இஞ்சையும் உதைச் சட்டப்படி விக்க விட்டாக் கடத்திறவன் எல்லாம் தொழிலை விட்டிட்டு ஓடுவான்."

"விசர்க்கதை கதையாதை. பிடிச்சு உள்ளுக்கை போடோணும். சாகுமட்டும் உள்ளுக்கை கிடக்கோணும்."

எனக்கு வந்த கோபத்தில் தையல் மெஷினை விட்டு எழும்பி வந்தேன்.

"கடையிலை வித்தாச் சரியாகுமெண்டா, எங்கடை அப்பாவுக்கு லைசென்ஸ் எடுத்த தவறணையிலைதானே வித்தவங்கள்? உள்ளுக்கை போட்டாச் சரியாகுமெண்டாத் தம்பியை உள்ளுக்கைதானே போட்டவங்கள்? ரெண்டையும் இந்த வீடு பாத்திட்டுது. தேத்தண்ணியைக் குடிச்சிட்டு எழும்புங்கோ."

அம்மா என்னைப் பார்த்த பார்வையைச் சொல்லி வேலையில்லை. மச்சான் பாவம், தேநீரைக்கூட முடிக்கவில்லை.

சும்மாவா சொன்னேன்? வல்வெட்டித்துறையிலிருந்து கிழக்கே கடற்கரை நெடுக எங்காவது பொதி ஒதுங்கும். "கேட்பாரற்ற நிலையில் கஞ்சாப் பொதிகள் மீட்பு" என்று பேப்பரில் படம் வரும். அவ்வளவு பெரிய பொதிகளுக்கு ஒருநாளும் சொந்தக்காரன் இருப்பதில்லை. உன் இடுப்புச் சறத்து மடிப்பில் இருந்த சின்னக் கஞ்சாச் சரைக்கு மட்டும் சொந்தக்காரன் உடனே அகப்பட்டான். கஞ்சாவோடு மறியற்சிறைக்குப் போனவன், ஹெரோயின் தூளைப் பழகிக்கொண்டு வெளியே வந்தாய். திருத்தத்தானே கொண்டுபோனார்கள்? யாரை, எப்படித் திருத்தினார்கள்?

இப்படிச் சொல்வதால் பழியை எல்லாம் பொலிஸின் தலையில் போட்டுவிட்டு உன்னை விட்டுவிடுவேன் என்று நினைக்காதே. உன் கையைப் பிடித்து ஒருவரும் இழுக்கவில்லை. அம்மாவின் காதுத்தோடு எங்கே போனது என்று எனக்குத் தெரியும். உன்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. நீ இருந்திருந்தால் கன்னத்தைப் பொத்தி அறைந்திருப்பேன்.

ஆனால் நீ செத்த விதத்தை நினைத்தால் அந்த ஆத்திரம் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நிற்கிறது. வலை வைக்கிற வாடிக்குள் நீயும் உன் கூட்டாளி ரூபனும் மட்டும். தூள் அளவு மிஞ்சி நீ மூச்செடுக்கத் திணறியபோது அவனிடம் போன் இருந்தது. அம்புலன்ஸ் கூப்பிட்டால் பின்னால் பொலிஸும் வரும் என்று அவன் கூப்பிடவில்லை. வாய் திறக்காத ஓட்டோக்காரனைத் தேடித் தெருத்தெருவாக ஓடியிருக்கிறான். தேடிப்பிடித்து உன்னை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு மறைந்துவிட்டான். "கொஞ்சம் முந்திக் கொண்டந்திருந்தாக் காப்பாத்தியிருக்கலாம்" என்றார் டொக்டர். அந்த "கொஞ்சம்" எவ்வளவு என்று நான் அவரிடம் கேட்கவில்லை.

சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால், மச்சான் சொன்ன அந்தக் கஞ்சாக் கடையை இந்த ஊரில் திறக்க விடமாட்டேன். ஒரு தவறணை செய்ததே போதும். ஆனால் சாகக்கிடக்கிறவனுக்காகப் போன் எடுக்கிறவனைப் பிடிக்கக் கூடாது. மற்றதெல்லாம் படித்தவர்கள் இருந்து யோசிக்கட்டும். எனக்கு இந்த ஒன்றுதான் தெரியும். இதை எந்த மேடையிலாவது யாராவது கதைத்துக் கேட்டிருக்கிறாயா?

ரூபனின் பெயரை ஓட்டோக்காரர் எனக்கு மட்டும்தான் சொன்னார். நான் அம்மாவுக்கும் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் பொலிஸ்காரர் வந்தார். நம் தமிழ் ஆள்தான், மரியாதையாகத்தான் கதைத்தார்.

"அக்கா, தம்பியோடை இருந்தவன்ரை பேரை மட்டும் சொல்லுங்கோ. மிச்சத்தை நாங்கள் பாக்கிறம்."

"யோசிச்சுச் சொல்லுறன் சேர்" என்றேன். யோசிக்க எதுவும் இருக்கவில்லை. கையிலிருந்த சட்டையைத் தைத்து முடித்துவிட்டுப் போய்ச் சொல்வதென்றே இருந்தேன். அவனை விலங்கோடு பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது, தம்பி. பொய் சொல்லமாட்டேன்.

அடுத்தநாள் காலமை அவனே வந்து நிற்கிறான். மூக்கு ஒழுகுகிறது, கை நடுங்குகிறது, அந்த வெயிலிலும் உடம்பு குளிரில் விறைத்தவன்போல் இருக்கிறான். வேலிப் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, என்னைப் பிடிச்சுக் குடுங்கோ. உள்ளுக்கை போனாலாவது விட்டிடுவன்."

நீயும் அதே படலையில்தான் நின்றாய், மறியலுக்குப் போக முந்தி. அதே கதையைத்தான் சொன்னாய். உள்ளே போனால் விட்டுவிடுவேன் என்று.

"வாயை மூடு. ஊத்தைச் சேட்டைக் கழட்டி மாத்து. பஸ் வரப்போகுது" என்றேன்.

அம்மாவிடம் உன் சேட்டு ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். யாருக்கு என்று அவ கேட்டா. சொன்னேன். அவ உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டா. பஸ்ஸில் அவனை யன்னல் பக்கம் இருத்திவிட்டு ஆஸ்பத்திரிவரைக்கும் ஏசிப் பேசிக்கொண்டே போனேன். கேட்கக் கூடாத பேச்செல்லாம் பேசினேன். முன் இருக்கையில் இருந்த மனிசி எழும்பிப் பின்னுக்குப் போய்விட்டா. மனநலப் பிரிவு மர வாங்கில் அவனை இருத்தி, டொக்டர் கூப்பிடும்வரை பக்கத்திலேயே இருந்தேன். ஓடினால் காலை முறிப்பேன் என்று சொல்லியிருந்தேன்.

இப்போது ஒவ்வொரு கிளினிக்குக்கும் நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன். தம்பியைக் கொன்றவனோடு திரிகிறாள் என்று ஊர் கதைக்கிறது. பிளவுஸ் தைக்கத் தந்தவர்கள் சிலர் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இடையில் ஒருமுறை அவன் வழுக்கி விழுந்தான். மறுபடியும் நடுங்கிக்கொண்டு வந்தான். மறுபடியும் பேசினேன், மறுபடியும் பஸ் ஏற்றினேன். சரிவருமா? எனக்குத் தெரியாது. பொலிஸ்காரர் திரும்ப வந்தபோது, "எனக்கு ஒருத்தரையும் தெரியாது சேர்" என்று நிமிர்ந்து நின்று பொய் சொன்னேன்.

இது இரக்கம் என்று நினைக்காதே. அவனை நான் மன்னிக்கவில்லை. அவன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வாடிதான் நினைவுக்கு வருகிறது. உன்னைக் கொண்டுபோய் எதைக் கொடுத்து அனுப்பினார்களோ, அந்த இடத்துக்கு இன்னொருவனை என் வாயால் அனுப்பமாட்டேன். அவ்வளவுதான்.

திவசத்தன்று ஐயர் போன பிறகு, பின்னேரம் உனக்குத் தனியாகப் படைக்க வேண்டும் என்று மாமா ஆள்விட்டுச் சொல்லியிருக்கிறார். போத்தலும் கொண்டுவருவாராம். வரட்டும். வேலியோர மணல் அங்கேயேதான் இருக்கிறது.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். உன் இலையில் சுறாப் புட்டு இருக்கும், சோடா இருக்கும், போத்தல் இராது. இலையைக் கலைத்ததும் முதல் கவளத்தை ரூபன் தின்ன வேண்டும். அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவ புட்டுக்கு மா வறுக்கத் தொடங்கிவிட்டா. எல்லாரும் பார்க்க, உன் படத்துக்கு முன்னால் இருந்து அவன் தின்ன வேண்டும். அதுவரைக்கும் அவனைச் சாக விடமாட்டேன்.

அதற்குப் பிறகும் விடமாட்டேன்.

உன்மேல் கோபம் இன்னும் ஆறாத,
உன் ஒரே அக்கா