ஒரு போத்தல் குளிசையில் இரண்டு பங்கு

யேசு மரி சூசை

கீரி, மன்னார்
புதன்கிழமை

அன்பு மகள் ஜெனுஷாவுக்கு, கீரியிலிருந்து உன் சித்தப்பா எழுதுகிறேன். மடு மாதாவின் காவலில் நானும் சித்தியும் குறைவில்லாமல் இருக்கிறோம், சித்திக்கு முழங்கால் நோவு மட்டும் விடுகிறதில்லை. நோர்வேக் குளிரில் நீயும் மருமகனும் சின்னவளும் சுகமாயிருக்க வேண்டும் என்று ஒவ்வொரு செபமாலையிலும் கேட்கிறோம். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நடந்தது அத்தனையையும் நான் அன்றைக்கே சொன்னேன். உன் தம்பி ஜெயரூபனுக்கு மருந்து முதல்முறை பிசகும், இரண்டாம் முறை சரிவரும் என்றேன், அப்படியே நடந்திருக்கிறது. சித்தியைக் கேட்டால் நான் அப்படி ஒன்றும் சொல்லவில்லை என்பாள், அவளுக்கு ஞாபகம் குறைவு.

ஜெயரூபன் போனில் உன்னிடம் ஈரல் கிருமி போய்விட்டது என்று மட்டும் சொல்லி அழுதானாம், பிறகு போனை நிஷாந்தியிடம் கொடுத்துவிட்டானாம். முழுக்கதையையும் நான்தான் எழுத வேண்டும், போனில் கதைத்தால் வேலிக்கு அந்தப் பக்கமும் கேட்கும். அவனுக்கு எச்.ஐ.வி. இருப்பது அவன் பெண்சாதி நிஷாந்திக்கும் எனக்கும் சித்திக்கும் உனக்கும் தவிர ஊரில் ஒருவருக்கும் தெரியாது. கீரியில் கதை எல்லாம் என் வாயிலிருந்துதான் புறப்படும் என்று சொல்கிறார்கள், ஆறு வருடமாக இந்த ஒன்று என் பல்லைத் தாண்டவில்லை.

போன வருடத்துக்கு முந்தின வருடம் ஈரலைத் தின்கிற ஹெப்படைட்டிஸ் சி கிருமியும் அவனுக்கு இருப்பதாகக் கண்டார்கள் அல்லவா, அதே மாதம் அவனோடு ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போகிற கபிலனுக்கும் கண்டார்கள். கபிலனுக்கு எச்.ஐ.வி. இல்லை. இரண்டு பேருக்கும் பன்னிரண்டு கிழமைக்கு, அதாவது மூன்று மாதத்துக்கு, நாளுக்கு ஒரு குளிசை. ஒரு மாதம் ஒழுங்காகப் போனது. இரண்டாம் மாதம் தலைமன்னாருக்கு நேரே வலை இழுக்கும்போது கபிலனின் குளிசைப் போத்தல் கடலில் விழுந்துவிட்டது, அன்றுதான் எடுத்த புதுப் போத்தல். சுறா ஒன்று விழுங்கியது, அந்தச் சுறாவுக்கு இப்போது ஈரல் நல்லாயிருக்கும் என்று நான் சந்தியில் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தேன். கிளினிக்கில் போய்ச் சொன்னால் ஏசுவார்கள் என்ற பயத்தில் கபிலன் ஜெயரூபனிடம் குளிசையில் பங்கு கேட்டான். வள்ளத்தில் மீனும் பங்கு, சோறும் பங்கு, குடிக்கிற தண்ணீரும் பங்கு, இவனுக்கு மறுக்கத் தெரியுமா? ஒரு நாள் இவன், மறுநாள் அவன் என்று அந்த மாதம் முழுக்க ஒரே போத்தலில் விழுங்கினார்கள்.

அதன் பலன் குளிசை முடிந்து மூன்று மாதம் கழித்துத் தெரிந்தது, ஜெயரூபனின் இரத்தத்தில் கிருமி திரும்பவும் நின்றது. அவன் அதற்கு ஒரே காரணம்தான் கண்டான். எச்.ஐ.வி. வருத்தம் உள்ள உடம்பில் எந்தக் குளிசையும் பிடிக்காது என்று முடிவுகட்டி, எச்.ஐ.வி. குளிசையையும் நிறுத்திவிட்டான் மகள். பதினொரு நாள். உனக்கு அப்போது சொல்லவில்லை, சொல்லியிருந்தால் நீ அங்கே இருந்து என்ன செய்வாய். நிஷாந்தி சோற்றுக்குள் வைத்துக்கூடக் கொடுத்துப் பார்த்தாள், அவன் கண்டுபிடித்துத் தட்டோடு தள்ளிவிட்டான். கரையில் வலைக்குப் பக்கத்தில் போய் இருப்பான், கதைக்க மாட்டான். நான் வாய் ஓயாமல் கதைக்கிறவன், என்னாலேயே அவனோடு கதைக்க முடியவில்லை.

பன்னிரண்டாம் நாள் கபிலன் தன் இரத்தப் பரிசோதனைத் தாளைக் கொண்டுவந்து தனக்கும் கிருமி திரும்பிவிட்டது என்று காட்டினான். ஜெயரூபன் அந்தத் தாளை வாங்கி இரண்டு முறை படித்தான். எச்.ஐ.வி. இல்லாதவனுக்கும் இதே கதி என்றால் பிழை தன் உடம்பில் இல்லை, வேறெங்கோ என்று அவனுக்கு அப்போதுதான் பட்டது. அன்றைக்கே வீட்டுக்கு வந்து எச்.ஐ.வி. குளிசையைத் தானாக எடுத்துப் போட்டான், நிஷாந்தி குசினியில் அடுப்பைப் பார்த்து நின்று அழுதாள். மறுநாள் இரண்டு பேரையும் நான்தான் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். பங்கு போட்ட விஷயம் அங்கேதான் வெளியே வந்தது. டொக்டர் அம்மா ஏசவில்லை, யாருடைய யோசனை என்று மட்டும் கேட்டா. கபிலன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "நான்தான் கேட்டனான் டொக்டர், அவரில பிழையில்லை" என்றான்.

இரத்தம் கொழும்புக்குப் போய் வந்தது. இரண்டு பேரின் கிருமியும் அந்தக் குளிசைக்கு அசையாதபடி ஒரே மாதிரி மாறியிருந்ததாம். நான் உடனே விளங்கிக்கொண்டேன். வலையை ஒரு நாள் போட்டு ஒரு நாள் தூக்கினால், தப்பின மீன் வழி படித்துவிடும், பிறகு அதுதான் பெருகும். டொக்டர் அம்மா இதைக் கேட்டு, ஐயா நீங்கள் படித்திருந்தால் பெரிய டொக்டராக வந்திருப்பீர்கள் என்றா. சரி, அவ சிரித்தது மட்டும் உண்மை. கபிலனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு ஜெயரூபனிடம், "எச்.ஐ.வி.யால இது வரேல்ல தம்பி. குளிசை விட்டு விட்டுப் போனதாலதான். எச்.ஐ.வி. இருக்கிற ஆக்களுக்கும் இல்லாத ஆக்களுக்கும் ஈரல் குளிசை ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் கேக்கும்" என்றா. மகள், உன் தம்பியின் முகத்தை நீ அப்போது பார்த்திருக்க வேண்டும்.

மூன்று மருந்து சேர்ந்த புதுக் குளிசை கொடுத்தார்கள். அதோடு சண்டை பிடிக்கும் என்று எச்.ஐ.வி. குளிசையில் ஒன்றையும் மாற்றினார்கள். இம்முறை நிஷாந்தி தினமும் காலையில் சாப்பாட்டோடு கையில் வைத்துக் கொடுத்தாள், கபிலன் தன் வீட்டில் தன் போத்தலில் இருந்து போட்டான். முடிந்து பன்னிரண்டு கிழமை கழித்துப் போன வெள்ளிக்கிழமை முடிவு வந்தது, இரண்டு பேருக்கும் கிருமி இல்லை. நான் கோயில் மணியை அடிக்கப் போனேன், கோயிலைப் பார்க்கிற சங்கிலித்தாம் பிடித்து நிறுத்திவிட்டார்.

ஜெயரூபனுக்கு நீ அடிக்கடி போன் எடுத்து எச்.ஐ.வி. குளிசையை ஒரு நாளும் விடக் கூடாது என்று சொல்லு, உன் சொல்லைத்தான் கேட்பான். உன் பிள்ளையைக் குளிரில் மூடி வைத்திரு. மடு மாதா உங்கள் மூன்று பேரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

இன்னுமொன்று மகள், கையெழுத்துப் போடுமுன் இதை எழுத வேண்டும். கபிலன்தான் பங்கு கேட்டான் என்று நிஷாந்தி போனில் சொன்னதைக் கேட்டு, நீ வாங்கிக் கொடுத்த வள்ளத்திலிருந்து அவனை இறக்கிவிடச் சொல்லி ஜெயரூபனுக்குச் சொல்லியிருக்கிறாய், இந்த மாதக் கடைசியோடு அவன் இறங்குகிறான். இறக்காதே. கபிலன் பங்கு கேட்கவில்லை. கிளினிக்குக்குத்தான் போகிறேன் என்று நின்றவனை நான்தான் மறித்து, ஒரே வள்ளக்காரர்தானே, ஒரு போத்தலைப் பங்கு போடுங்கோ, குளிசையைப் பற்றி எனக்குத் தெரியும் என்றேன். டொக்டர் அம்மா கேட்டபோது அவர்கள் இரண்டு பேரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன், வாய் திறக்கவில்லை.

உன் சித்தப்பா
சூ. இன்னாசிமுத்து